ஆறாம் இடம் யாருக்கு? ஒரு ஃபேண்டஸி பேஸ்பால் லீக்கின் பருவ ஆய்வும் அதில் எழுந்த வழக்கும்

பின்னணி

2023 பருவத்தில், நியூ ஜெர்சியில் ஓர் அலுவலகத்தைச் சுற்றி உருவான பன்னிரண்டு அணி ஃபேண்டஸி பேஸ்பால் லீக்குக்கு நான் கமிஷனர். பெயர்தான் பெரிது. மார்ச் மாதம் ஆளுக்கு 50 டாலர் வாங்கி வைப்பது, டிராஃப்ட்டுக்கு நாள் குறிப்பது, நடுவில் வரும் சண்டைகளைத் தீர்ப்பது, வழக்கமான பருவம் முடிந்ததும் பிளேஆஃப்புக்கு முன் ஒரு பருவ ஆய்வு எழுதி எல்லாருக்கும் அனுப்புவது. வேலை இவ்வளவுதான். இந்தக் கடைசி வேலையில்தான் சிக்கல் வந்தது. எனக்கும் ஓர் அணி இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது முக்கியம்.

நிஜ ஆட்டங்களில் வீரர்கள் எடுக்கும் எண்கள்தான் எங்கள் கற்பனை அணிகளின் மதிப்பெண். கிரிக்கெட் ஃபேண்டஸி ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகப் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே வீரரை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு வீரர் லீக்கில் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். மார்ச் கடைசியில் நடக்கும் டிராஃப்ட்டில் பாம்பு வளைவதுபோல முறை மாறும்: முதல் சுற்றில் முதலாவதாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் கடைசியாக எடுப்பார். அப்படி எடுத்த ஆட்களை வைத்துக்கொண்டு அக்டோபர் வரை ஓட்ட வேண்டும். காயம்பட்டவரை ஒதுக்கி வைப்பது, யாரும் எடுக்காதவரைச் சேர்ப்பது, மற்ற அணியோடு பண்டமாற்று செய்வது எல்லாம் அன்றாட வேலை. தினமும் லைனப், அதாவது அன்று ஆடுகிறவர்களின் பட்டியல், போட வேண்டும். போடாவிட்டால் நேற்று இருந்ததே இன்றும் இருக்கும்.

மதிப்பெண் பத்துப் பிரிவுகளில். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது, அதாவது திருட்டு), சராசரி. பிட்சிங்கில் வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி), விப் (இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஹிட், வாக் சராசரி). கடைசி இரண்டும் குறையக் குறைய நல்லது. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது, பருவம் முழுவதற்குமான கூட்டுத்தொகையை வைத்துத் தரவரிசை போட்டார்கள். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அந்த முறையை இன்றும் ரோட்டிசரி, சுருக்கமாக ரோட்டோ என்பார்கள். எங்கள் லீக் அப்படியல்ல. வாரத்துக்கு ஒருவரோடு நேருக்கு நேர். பத்துப் பிரிவுகளில் அதிகம் வென்றவருக்கு அந்த வாரம். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு மோதல்.

மார்ச் 30 தொடங்கி செப்டம்பர் 10 வரை 22 மோதல்கள். தொடக்க வாரம் சற்று நீண்டது. ஜூலையில் ஆல்-ஸ்டார் இடைவேளையை ஒட்டிய இரண்டு வாரங்கள் ஒரே மோதல். பன்னிரண்டு அணி என்பதால் ஒவ்வொருவரும் மற்ற பதினோரு பேரையும் சரியாக இரண்டு முறை சந்திப்பார்கள். பார்க்க நியாயமான ஏற்பாடு. முதல் ஆறு அணிகளுக்கு பிளேஆஃப்; முதல் இரண்டுக்கும் ஒரு வாரம் ஓய்வு; மூன்றாமவர் ஆறாமவரோடும், நான்காமவர் ஐந்தாமவரோடும் மோத வேண்டும்.

செப்டம்பர் 4 முதல் 6 வரை: முதலில் கண்ணில் பட்டது

கடைசி மோதல் லேபர் டே அன்று, செப்டம்பர் 4ஆம் தேதி தொடங்கியது. எனக்கு எதிரணி பட்டியலில் பத்தாம் இடத்தில் இருந்தது. அவருக்கு பிளேஆஃப் வாய்ப்பு ஜூலையிலேயே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அவர் லைனப்பைப் பார்த்தேன். வெளிமைதானத்தில் மைக் ட்ரவுட், முதல் பேஸில் அந்தோணி ரிஸ்ஸோ, பிட்சர் இடத்தில் ஷேன் மெக்லனஹன்.

அந்தப் பருவத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்த மூன்று பெயரும் சேர்ந்தாலே விஷயம் புரிந்துவிடும். ட்ரவுட்டுக்கு ஜூலை 3 அன்று மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆகஸ்ட் 22 அன்று திரும்பி வந்து ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மறுபடியும் காயப் பட்டியலுக்குப் போனார். ரிஸ்ஸோ தலையில் பட்ட அடியின் பின்விளைவால் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்தே ஆடவில்லை. மெக்லனஹனுக்கு முழங்கை, ஆகஸ்ட்டில் அறுவை சிகிச்சையே நடந்துவிட்டது. மூவரும் ஆடும் இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள், ஆடக்கூடியவர்கள் பெஞ்சில் இருந்தார்கள்.

நடவடிக்கைப் பதிவைத் திறந்தேன். அந்த அணியில் கடைசியாக ஏதோ செய்யப்பட்டது ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில். அதாவது 19ஆம் மோதலிலிருந்து அந்த அணிக்கு ஆள் இல்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது, நான்காவது என்னோடு.

இங்கே என் தவறை எழுத வேண்டும். செவ்வாயன்று பார்த்தேன்; புதன் இரவுதான் லீக்குக்குச் சொன்னேன். நடுவில் இருந்த ஒன்றரை நாளுக்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. மூன்றாம் இடத்தைத் தக்கவைக்க எனக்கு அந்த வாரம் வெற்றி தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 6, 7: முதல் முடிவு

கமிஷனருக்கு எந்த அணியின் லைனப்பையும் மாற்றும் உரிமையை மென்பொருள் கொடுக்கிறது. ஆனால் என் எதிரணியின் லைனப்பை நானே போடுவது எப்படிப் பார்த்தாலும் அசிங்கம். நன்றாகப் போட்டால் நாடகம், மோசமாகப் போட்டால் மோசடி. ஆகவே பதினோராம் இடத்தில் இருந்தவரை துணைக் கமிஷனர் ஆக்கி, வியாழக்கிழமை முதல் காயப்பட்டவர்களை எடுத்துவிட்டு ஆடுகிறவர்களைப் போடச் சொன்னேன். வேறு எதையும் தொட வேண்டாம்: புதிய ஆள் சேர்க்கக் கூடாது, யாரையும் விடக் கூடாது.

அந்த அணிக்காரருக்கு நான் செவ்வாயன்று அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பதில் இல்லை. வியாழன் மாலை துணைக் கமிஷனர் போனில் கூப்பிட்டார், எடுத்தார். ஆகஸ்ட் நடுவிலிருந்து அப்பா வேறு மாநிலத்தில் மருத்துவமனையில். அவர் அங்கேயேதான் இருந்தார். லீக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று என்று மன்னிப்புக் கேட்டாராம். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள். மூன்று வாரமாக ஒரு நண்பர் சத்தமில்லாமல் இருந்ததை, அவர் லைனப் வழியாகத்தான் கவனித்திருக்கிறோம்.

அந்த வாரம் நான் 6–4 என வென்றேன். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 8 முதல் 10 வரை: ஆய்வுக்காகப் போட்ட கணக்கு

முந்தைய ஆண்டுகளில் பருவ ஆய்வு என்பது கேலிப் பட்டங்களின் தொகுப்பு. மிக மோசமான டிராஃப்ட், மிக முட்டாள்தனமான பண்டமாற்று, இப்படி. இந்த முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று விரிதாளில் 22 மோதலின் எண்களையும் இறக்கினேன்.

நான் போட்டது ஆல்-ப்ளே கணக்கு. ஒவ்வொரு வாரமும் உங்கள் பத்துப் பிரிவு எண்களை, அட்டவணைப்படி வந்த ஒருவரோடு மட்டுமன்றி மற்ற பதினோரு பேரோடும் ஒப்பிட்டு, அத்தனை பேரோடும் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது. 22 வாரம், வாரத்துக்குப் பதினோரு ஒப்பீடு, ஆக அணிக்கு 242. நேருக்கு நேர் முறையில் உள்ள பெரிய ஓட்டையை இது காட்டிக்கொடுக்கும்: லீக்கிலேயே இரண்டாவது நல்ல வாரம் உங்களுடையதாக இருந்தும், அந்த வாரம் முதலாவது நல்ல அணியோடு மோதியிருந்தால் உங்களுக்குத் தோல்விதான். ரோட்டோவில் இந்தத் தொல்லை கிடையாது. ரோட்டோ ஆடுகிறவர்கள் எங்களை மட்டமாகப் பார்ப்பதற்கு இதுவே காரணம், அதில் நியாயமும் உண்டு.

சில முடிவுகள் எதிர்பார்த்தவை. முதலிடத்தில் இருந்த அணி ஆல்-ப்ளேயிலும் முதலிடம். அதில் ஷோஹெய் ஓதானி இருந்தார். எங்கள் லீக்கில் அவர் ஒரே ஆள். அன்றன்று பேட்டராகவோ பிட்சராகவோ ஒரு வேடத்தில் மட்டும் வைக்கலாம். அப்படியிருந்தும் பெரிய பலம்: அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது மொத்தம் 44 ஹோம் ரன், பிட்சராக 10 வெற்றி, 167 ஸ்ட்ரைக்அவுட். இரண்டாம் இடத்தில் ரொனால்ட் அகூன்யா இருந்த அணி. ஸ்டோலன் பேஸ் பிரிவை வாரா வாரம் அள்ளிக்கொண்டு போனது.

ஸ்டோலன் பேஸ் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் பிட்சர் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்ற பிட்ச் கடிகாரம் வந்தது, பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, ஓட்டக்காரரைத் தடுக்க பிட்சர் தட்டைவிட்டு விலகுவதற்கு வரம்பு போட்டார்கள். முந்தைய ஆண்டு 2,486ஆக இருந்த திருட்டு 3,503ஆக எகிறியது. டிராஃப்ட்டில் வேகக்காரர்களை முன்னதாகவே எடுத்தவர்கள், மே மாதத்திலேயே அது எல்லாருக்கும் கிடைக்கும் சரக்காகிவிட்டதைப் பார்த்தார்கள். அகூன்யா அளவுக்குத் திருடுகிறவர் இருந்தால்தான் அந்தப் பிரிவில் மேலே நிற்க முடிந்தது. ஆய்வில் எனக்கே பிடித்த பகுதி இதுதான். ஆனால் யாரும் இதைப் படிக்கவில்லை. எல்லார் கண்ணும் ஆறாம் ஏழாம் இடத்தில் நின்றது.

ஞாயிறு இரவு நிலவரம்: ஆறாம் இடத்துக்கு இரண்டு அணிகள், இரண்டும் 11–11.

ஒன்று, சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணுடையது. லீக்கில் அவருக்கு அது முதல் ஆண்டு. பேஸ்பால் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர். ஒரு நாள் கூட லைனப் போடத் தவறாதவர். மற்றொன்று என் ஊர்ப்பக்கத்து இளைஞன் ஒருவனுடையது. லீக்கில் தமிழர் நாங்கள் இருவர்தான். என்னை அண்ணா என்று கூப்பிடுவான். ஜூலை கடைசியில், பருவம் முழுக்க அடிக்காமல் திணறிய ட்ரே டர்னரை மலிவாக வாங்கியிருந்தான். ஆகஸ்ட் 4 அன்று ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் டர்னரைத் திட்டுவதற்குப் பதில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதன்பின் அவர் ஆட்டமே மாறிப்போனது. பருவ முடிவில் 26 ஹோம் ரன், 30 முயற்சியில் 30 பேஸ் திருட்டு. அவரோடு சேர்ந்து தம்பியின் அணியும் எழுந்தது.

ஆல்-ப்ளேயில் தம்பி மூன்றாம் இடம். அந்தப் பெண் எட்டாம் இடம். நான் ஐந்தாம் இடம்.

சமன் உடைப்பு விதி

எங்கள் விதித்தாளில் இப்படி இருந்தது: வெற்றி தோல்வி சமமானால் முதலில் இருவருக்கும் இடையிலான மோதல்கள், அதுவும் சமமானால் பருவம் முழுக்க வென்ற பிரிவுகளின் மொத்த எண்ணிக்கை. இருவரும் ஆளுக்கு ஒரு முறை மற்றவரை வென்றிருந்தார்கள். மொத்தப் பிரிவுகளில் அந்தப் பெண் 108, தம்பி 106. எனவே அவர் உள்ளே, தம்பி வெளியே.

விதிப்படி இதில் குழப்பம் இல்லை. ஆனால் 21ஆம் மோதலில் அந்தப் பெண் சந்தித்தது அந்த ஆளில்லாத அணியை. வென்றது 9–1. அந்த 9 எப்படி வந்தது என்று பார்த்தேன். வாரத்துக்குக் குறைந்தது 20 இன்னிங்ஸ் வீச வேண்டும், இல்லையேல் இ.ஆர்.ஏ., விப் இரண்டும் தானாகப் போய்விடும் என்று ஒரு விதி உண்டு. பிட்சர்கள் பெஞ்சில் தூங்கியதால் அந்த அணி 20ஐத் தொடவில்லை. இரண்டு பிரிவு அப்படியே போயிற்று. ட்ரவுட், ரிஸ்ஸோ இடங்கள் காலியானதால் ரன்னும் ஆர்பிஐயும் எழவே இல்லை. அது வென்ற ஒரே பிரிவு சேவ். ஆட்டத்தைக் கடைசியில் முடித்துவைக்கும் பிட்சர்களான குளோஸர்கள் மட்டும் எப்போதோ ஆடும் இடத்தில் போடப்பட்டு அப்படியே இருந்தார்கள்.

தம்பி அதே அணியை இரண்டாம் முறை சந்தித்தது ஜூன் கடைசியில், ட்ரவுட் காயப்படுவதற்கு முந்தைய வாரம். 4–6 எனத் தோற்றிருந்தான்.

21ஆம் மோதல் 6–4 என முடிந்திருந்தால் அந்தப் பெண்ணின் மொத்தம் 105. தம்பி ஒன்றில் முந்தியிருப்பான். வியாழன் முதல் ஆள் போட்டு ஓட்டிய வாரத்தில் நான் அந்த அணியை வென்றது அதே 6–4.

செப்டம்பர் 10 இரவு: இரண்டாம் முடிவு

தம்பி பத்தரைக்குக் கூப்பிட்டான். கணக்கை அவனும் போட்டிருந்தான்.

"அண்ணா, நெட் ரன் ரேட்ல இடம் தீர்மானிக்கிறாங்கன்னு வைங்க. ஒரு டீமுக்கு மட்டும் எட்டுப் பேரோட வந்த எதிரணி கிடைச்சா ஒத்துப்பீங்களா?"

"ஒத்துக்க மாட்டேன். ஆனா அந்த டீம் மேல என்ன தப்பு?"

"அவங்க மேல தப்புன்னு நான் சொல்லல. நீங்க வியாழக்கிழமை சரி பண்ணினீங்கல்ல, அத ஏன் அதுக்கு முந்தின வாரத்துக்குப் பண்ணல?"

பதில் எளிது: எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கமிஷனர் வாரம் ஒருமுறை எல்லா லைனப்பையும் ஒரு பார்வை பார்த்திருந்தால் 19ஆம் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

என் நிலையை எழுதிப் பார்த்தேன். நான் மூன்றாம் இடம். ஆறாம் இடத்தில் யார் வந்தாலும் அவர்தான் எனக்கு எதிரி. டர்னரோடு வரும் தம்பியைவிட அந்தப் பெண்ணின் அணி எனக்கு எளிது. விதியை அப்படியே விட்டால் எனக்கு லாபம். மாற்றினால், ஊர்க்காரனுக்காக வளைத்தேன் என்பார்கள். அந்த மூன்றாம் இடமே அதே ஆளில்லாத அணியை வென்று வந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சேறு.

"நீ சொல்றதுல நியாயம் இருக்குடா. ஆனா தீர்ப்புச் சொல்ற இடத்துல நான் இருக்கக் கூடாது" என்றேன். அவனுக்கு அது தப்பிக்கிற பேச்சாகப் பட்டது. பாதி அப்படியும்தான்.

திங்கட்கிழமை முதல் பந்து வீசப்படுவதற்குள் முடிவு வேண்டும். தம்பியையும் பத்தாம் இடத்து நண்பரையும் விட்டுவிட்டால் பிளேஆஃப் வாய்ப்பு இல்லாதவர் நால்வர். அவர்களில் எட்டாம் இடத்தவர் தம்பியின் பக்கத்து மேசைக்காரர், தானே விலகிக்கொண்டார். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டாம் இடத்தவர் மூவரிடமும் பதிவுகளையும் விதித்தாளையும் இரவே அனுப்பினேன். என் கருத்தை எழுதவில்லை. ஆல்-ப்ளே அட்டவணையை மட்டும் இணைத்தேன். அதுவே ஒரு கருத்துதான் என்று பின்னால் ஒருவர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 11 காலை: தீர்ப்பு

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், விதி அப்படியே நிற்கட்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் சொன்ன காரணங்கள்: ஆளில்லாத அணிக்கு அந்த வாரம் யார் யாரைப் போட்டிருப்பார்கள் என்பது கற்பனை, கற்பனையில் வரும் 6–4ஐ வைத்து நிஜமான 9–1ஐ அழிக்க முடியாது. அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். முடிவு தெரிந்த பிறகு விதியை மாற்றினால் அடுத்த ஆண்டு எந்த விதிக்கும் மதிப்பு இருக்காது.

மாற்றுக் கருத்துச் சொன்னவர் இருவரையும் உள்ளே விடலாம் என்றார்: அந்த வாரம் இருவரில் யார் நன்றாக ஆடுகிறார்களோ அவரே என்னை எதிர்த்ததாகக் கணக்கு. மென்பொருளில் அதற்கு வழியில்லை, கையால் கணக்கிடலாம். நான் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று கேட்டால், சந்தேகம்தான். பெரிய லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலிலேயே முன்பு சமன் வந்தால், வழக்கமான 162 ஆட்டங்களுக்கு மேல் 163ஆவது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். 2022 முதல் அதை நிறுத்திவிட்டு விதித்தாளில் உள்ள கணக்கையே பார்க்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அங்கும் இதே கதை நடந்தது. அரிசோனாவும் மயாமியும் 84–78. இருவருக்கும் இடையிலான ஆட்டங்களில் மயாமி முன்னிலை பெற்றிருந்ததால் அரிசோனா ஆறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த ஆறாம் இடத்து அரிசோனாதான் உலகத் தொடர் வரை போனது.

தீர்ப்பை அனுப்பிய அதே மடலில் முழு ஆய்வையும் அனுப்பினேன். இது என் இரண்டாவது தவறு. "மிக அதிர்ஷ்டசாலி அணி" என்ற வரியில் அந்தப் பெண்ணின் அணி இருந்தது. பழைய கேலிப் பட்ட வழக்கத்தின் மிச்சம். தீர்ப்புக்கு அடுத்த பத்தியில் அதைப் படிக்கிறவருக்கு அது கேலியாகத் தெரியாது. மதியம் என் மேசைக்கு வந்தார்.

"தினமும் காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் லைனப் போட்டேன். உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இல்லையே" என்றார் ஆங்கிலத்தில். அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த வரியை நீக்கி மடலை மறுபடி அனுப்பினேன். ஆனால் எல்லாரும் படித்தாயிற்று.

பிளேஆஃப்பில் நடந்தது

முதல் வாரத்தில் அந்தப் பெண் என்னை 5–4 என வென்றார். ஒரு பிரிவு சமன். ஆல்-ப்ளேயில் எட்டாம் இடத்து அணி ஐந்தாம் இடத்து அணியை ஒரு வாரத்தில் வெல்வது அதிசயமே அல்ல. ஏழு நாளில் ஒரு பிட்சர் ஆட்டத்தைத் தொடங்கி வீசுவது ஒன்று அல்லது இரண்டு முறை. அதில் ஒன்று சொதப்பினால் இ.ஆர்.ஏ.வும் விப்பும் போச்சு. எனக்குப் போயிற்று. அடுத்த வாரம் அவர் இரண்டாம் இடத்து அணியிடம் தோற்றார்.

என் ஆய்வு முதலிடத்து அணியையே வெற்றியாளராகக் கணித்திருந்தது. இதில்தான் கணக்கின் ஓட்டை தெரிந்தது. ஓதானிக்கு ஆகஸ்ட் 23 அன்று முழங்கைத் தசைநார் கிழிந்தது; அதன்பின் அவர் பந்து வீசவில்லை. செப்டம்பர் 4 அன்று பேட்டிங் பயிற்சியில் விலாப்பக்கம் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து "இன்று பார்ப்போம், நாளை பார்ப்போம்" என்றே ஓட்டி, 16ஆம் தேதிதான் காயப் பட்டியலில் போட்டார்கள். நான் கூட்டிய பருவ எண்களில் அவருடைய ஹோம் ரன்களும் வெற்றிகளும் அப்படியே இருந்தன. பிளேஆஃப்பில் அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. நடந்ததைச் சொல்லும் கணக்கை நடக்கப்போவதற்கு எடுத்து நீட்டியிருந்தேன். அந்த அணி அரையிறுதியிலேயே விழுந்தது.

கோப்பை அகூன்யா அணிக்கு. செப்டம்பர் 27 அன்று அட்லாண்டாவில், பத்தாவது இன்னிங்ஸில் அவர் தன் 70ஆவது பேஸைத் திருடி, அதைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது எங்கள் இறுதி மோதலின் மூன்றாம் நாள்.

தம்பி ஆறுதல் சுற்றில் ஆட மாட்டேன் என்றான். ஆனால் லைனப் மட்டும் கடைசி நாள் வரை தவறாமல் போட்டான்.

என்ன மாற்றினோம்

2024 பருவம் மார்ச் 20 அன்றே தென் கொரியாவின் சியோலில் தொடங்க இருந்ததால் விதி வாக்கெடுப்பை மார்ச் முதல் வாரத்திலேயே வைத்தோம். எந்த மாற்றத்துக்கும் பன்னிரண்டில் எட்டு வாக்கு வேண்டும்.

ஆளில்லாத அணி பற்றிய விதி எதிர்ப்பின்றி நிறைவேறியது. காயப்பட்டவர் ஏழு நாள் தொடர்ந்து ஆடும் இடத்தில் இருந்தால் கமிஷனர் போனில் கூப்பிட வேண்டும், குறுஞ்செய்தி போதாது. இரண்டு நாளில் தொடர்பு கிடைக்காவிட்டால், அந்த வாரம் அந்த அணியோடு மோதாத ஒருவர் காயப்பட்டவர்களை எடுத்துவிட்டு இருப்பவர்களைப் போடலாம். அப்பா உடல்நலம் தேறி ஊர் திரும்பியிருந்த பத்தாம் இடத்து நண்பர்தான் போன் என்பதை விதியில் எழுதச் சொன்னார்.

கமிஷனரின் அணிக்குத் தொடர்புடைய எந்தத் தீர்ப்பும் தானாகவே மூவர் குழுவுக்குப் போகும் என்பதும் நிறைவேறியது. பருவ ஆய்வை நான் இன்னும் எழுதுகிறேன். தீர்ப்பு இருந்தால் அது தனி மடல். ஆய்வு ஒரு நாள் கழித்து. பிளேஆஃப் கணிப்புக்கு கடைசி முப்பது நாள் எண்களை, அதுவும் இப்போது ஆடக்கூடிய ஆட்களின் எண்களை மட்டும் எடுக்கிறேன். அதிர்ஷ்டம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அட்டவணையில் "லைனப் தவறாத நாட்கள்" என்று ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. முதல் ஆண்டில் அதில் நான் நான்காம் இடம்.

சமன் உடைப்பில் மொத்தப் பிரிவுகளுக்குப் பதில் ஆல்-ப்ளேயை வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஆள் இல்லாத அணி ஒன்று இருந்தாலும் ஆல்-ப்ளேயில் எல்லாரும் அதை வாரா வாரம் சந்திப்பார்கள், அதனால் லாபம் எல்லாருக்கும் ஒரே அளவில் பரவிவிடும் என்று வாதாடினேன். தம்பி ஆதரித்தான். அந்தப் பெண் எதிர்த்தார்: ஆடாத ஆட்டத்தில் வென்றதாகவோ தோற்றதாகவோ தன் பெயரில் எழுதுவதில் தனக்கு உடன்பாடு இல்லை என்றார். ஏழு ஆதரவு, ஐந்து எதிர்ப்பு. ஒரு வாக்குக் குறைந்ததால் பழைய விதியே இருக்கிறது.